பின்னுக்குப் போன டிராக்டர்

அவர் வீட்டுச் சமையலறைக்கு வாசல் தெருவைப் பார்த்து இருந்தது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போக உள்ளே வழி கிடையாது. சோறு எடுக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே வந்து, தெருவில் நாலடி நடந்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். சுவர் எழுப்பும்போது தரையில் கோடு போட்டுக் கொடுத்தவர் அவரேதான். இடுப்பு உயரத்துக்குச் சுவர் வந்த பிறகுதான் தப்பு தெரிந்தது. இடித்து மாற்றிக் கட்டிவிடலாம், பெரிய வேலை இல்லை என்று கொத்தனார் கெஞ்சினாராம். இவர் கேட்கவில்லை. வெச்சது வெச்சதுதான் என்று சொல்லிவிட்டார். மழை பெய்தால் அந்த வீட்டில் குழம்புச் சட்டி குடை பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போகும்.

ஆந்திர எல்லையில் சித்தூர் பக்கத்துக் குடிபாலா கூட்டுரோட்டில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலம் அது. தெருவுக்கு ஒருவராவது குவைத்திலோ பெங்களூரிலோ இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் என் பூத்துக்கு வெளியே பெஞ்சு நிரம்பிவிடும். மணி அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், யாருக்கு வந்தது என்று தெரிந்ததும் மற்றவர்கள் உட்காருவார்கள். அந்தப் பெஞ்சில்தான் அவர் எனக்கு நன்றாகப் பழக்கமானார். உறவு என்று பெரிதாக இல்லை. அவர் மனைவி என் அம்மா பிறந்த ஊர்ப் பெண், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அந்த வழியில் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். அதட்டிப் பேச மாட்டார். சண்டை வளர்க்க மாட்டார். ஆனால் செய்ததை மாற்ற மாட்டார், சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டார். இதைப் பிடிவாதம் என்று சொன்னால் பிடிவாதத்துக்கே கோபம் வரும். பிடிவாதக்காரன் தான் செய்ததுதான் சரி என்று சாதிப்பான். இவர் அப்படியில்லை. தப்புதான் மச்சான், தெரியுது என்று ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டு, அந்தத் தப்பிலேயே குடித்தனம் நடத்துவார். எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் அதனால்தான்.

அண்ணனோடு ஒருமுறை வரப்புச் சண்டை வந்தது. உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே சண்டை தீர்ந்துபோனது. இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள், ஒரே வண்டியில் சித்தூர் சந்தைக்குப் போனார்கள். ஆனால் வாசப்படி மட்டும் ஆகாது. அண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தல் போட்டது இவர், காய் நறுக்கியது இவர், வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றது இவர். எல்லாம் தெருவில். கல்யாணப் பெண் வெளியே வந்து தெருவிலேயே காலில் விழுந்து கும்பிட்டுப் போனாள். அண்ணன் கண்கலங்கி, "உள்ள வாயேன்டா, நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றார். "நீ மறந்துட்ட. நான் சொன்னனே" என்றார் இவர்.

திருப்பதிக் கதையை அவர் மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும், சிரித்துச் சிரித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். கையில் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்கள். இவர் ஏதோ யோசனையில் இலவச தரிசன வரிசையில் நுழைந்துவிட்டார். அவள் கம்பிக்கு அந்தப்புறம் நின்று கூப்பிடுகிறாள், வந்துவிடு, இன்னும் நீ வாசலில்தான் இருக்கிறாய் என்று. நின்னாச்சு, நீங்க போங்க என்று கையை ஆட்டிவிட்டார். தாயும் மகளும் சாமி பார்த்து, சாப்பிட்டு, சத்திரத்தில் தூங்கி எழுந்த பிறகு, மறுநாள் இவர் கையில் லட்டோடு வந்து சேர்ந்தார். சாமி நல்லா தெரிஞ்சாரா என்று கேட்டதற்கு, தெரிஞ்சாரு, நான்தான் தூங்கிட்டேன் என்றாராம்.

சிரிக்கிற விஷயமாகவே எல்லாம் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

சர்க்கார் கொடுத்த நிலம் அவர்களுக்கு மலையடியில் இருந்தது. அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான், ஆகவே அந்த மண் மேல் அவருக்குப் பெரிய ஆசை. பெங்களூரா ரக மாங்கன்றுகள் வைத்தார். கன்று வளர்ந்து காய்க்க வருஷக்கணக்காகும். நடுவில் கிணறு வற்றியது. அப்போதுதான் திருப்பதியிலிருந்து ஏஜெண்ட் ஒருவன் வந்தான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்றான். டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவன் கேட்க, இவர் அனுப்பறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கே மனசு ஒப்பவில்லை. அதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மனசு ஒப்பாதது வேறு, வாயில் வந்தது வேறு. அவள் போனாள்.

முதல் இரண்டு வருஷம் முடிந்து லீவில் வந்தாள். ஒரு மாதம் இருந்தாள். மகள் அம்மாவின் முந்தானையை விடவே இல்லை. கிளம்புகிற நாள் பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, நான் போகவில்லை என்றாள். அழவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். அவர் தெருவில் நின்றபடி கதவைப் பார்த்துச் சொன்னார்: "திரும்பி வரேன்னு அந்த வூட்டு மேடத்துக்குச் சொல்லிட்டுதானே வந்த." அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம். பஸ் போன ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடமாடினார்.

அந்தச் சமயத்தில்தான் டிராக்டர் வந்தது.

சித்தூர் பக்கம் ஒரு பெரிய மாந்தோப்பை ஜூஸ் கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள். தோப்பின் பழைய முதலாளி எந்தக் காலத்திலோ வரவழைத்த தோட்ட டிராக்டர் ஒன்று அங்கே புளியமரத்தடியில் கிடந்தது. கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். பெரிய டிராக்டர் மாமரக் கிளைக்கு அடியில் நுழையாது, கிளையை முறித்துவிடும். இது குனிந்து போய்விடும். இன்ஜின் வெடித்துத் துருப்பிடித்துக் கிடந்ததை இவர் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வண்டியில் ஏற்றி, வீட்டுப் பின்புறம் இறக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

"இது ஓடுச்சுன்னா சுத்துப்பட்டுத் தோப்பெல்லாம் நான்தான் ஓட்டணும் மச்சான். அவ சம்பளம் தேவப்படாது. அப்புறம் அவ தன்னால வந்துடுவா. நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொன்ன சொல்லையும் மாற்றக் கூடாது, அவளும் வர வேண்டும். அதற்கு அந்த மனிதன் கண்டுபிடித்த குறுக்கு வழி அந்தத் துருப்பிடித்த இரும்பு.

வேலை நடந்த மாதங்களில் அவரைப் பார்க்கவே நன்றாக இருந்தது. மற்றவர்கள் மாட்டியதைக் கழற்ற அவருக்குத் தயக்கமே கிடையாது, தான் மாட்டியதைத்தான் தொட மாட்டார். கியர்பாக்ஸைத் திறந்தால் ஆயில் தார் மாதிரி இறுகியிருந்தது. பழைய கரண்டியால் சுரண்டி எடுத்தார். இறுகிப்போன நட்டுகளை டீசலில் ஊறவைத்து, தட்டித் தட்டி, பொறுமையாகத் திருகி எடுத்தார். டயர் தேடித் திருப்பதி போய், பஸ் மேல் கட்டிக்கொண்டு வந்தார். உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து டிரைவர் சீட். கதவுக்கு அடித்து மீந்த பச்சை பெயிண்ட். வெள்ளிக்கிழமை போனில் மனைவியிடம் வேறு பேச்சே இல்லை. பிரேக் பிடிக்குது, லைட்டு எரியுது என்று அதன் உடம்பைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பார். அவள் ம்ம் ம்ம் என்று கேட்டுவிட்டு, பாப்பா துன்னுச்சா என்பாள்.

இன்ஜின் மட்டும் வேறு வேண்டும். அவர் வருஷா வருஷம் கரும்பு ஆட்டும் காலத்தில் வெல்ல ஆலையில் ஆயில் இன்ஜின் ஓட்டப் போவார். ஆலைக்காரர் கரண்டு மோட்டார் வைத்துவிட்டதால் அந்த இன்ஜின் சும்மா கிடந்தது. அதையே கேட்டு வாங்கினார். இரும்புப் பட்டையில் சட்டம் செய்து, டிராக்டர் மூக்கின் மேல் அதை உட்கார வைத்தார். ஓட்டுகிறவன் முகத்தில் புகை அடிக்கக் கூடாது என்று புகைக்குழாய் முன்பக்கம் வரும்படி திருப்பி வைத்து, சட்டத்தைச் சுற்றிலும் வெல்டிங் அடித்தார். ஆட்டினால் ஆடக் கூடாது என்பது அவர் கொள்கை.

முதல் ஓட்டத்துக்குத் தெருவே கூடியது. கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். டுப்டுப் என்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினோம். சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார். டிராக்டர் நேராகப் பின்னால் போய் எருக்குழியில் இறங்கியது. எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் நசுங்காமல் இருந்தன.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது வேலூர் வரைக்கும் கேட்டிருக்கும். குழியிலிருந்து தள்ளி ஏற்றி இரண்டாவது கியர் போட்டார், பின்னால் போனது. மூன்றாவது, இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் ஊர்ந்தது. காரணம் பிறகு தெரிந்தது. வெல்ல ஆலையில் பெல்ட்டை எப்போதும் எட்டுப் போட்ட மாதிரி முறுக்கித்தான் மாட்டுவார்கள். இன்ஜின் ஒரு பக்கம் சுற்றினால் கரும்பு மிஷின் எதிர்ப்பக்கம் சுற்றும். வருஷக்கணக்காக மிஷினைப் பார்த்துப் பழகிய கண், இன்ஜினும் அப்படியே சுற்றுகிறது என்று நம்பிவிட்டது. டிராக்டரிலோ இடம் குறைவு, முறுக்கினால் பெல்ட் உரசித் தீய்ந்துவிடும் என்று நேராக மாட்டியிருந்தார். எல்லாம் தலைகீழாகிவிட்டது.

இன்ஜினைக் கழற்றித் திருப்பி வைத்தால் தீர்ந்தது. நான் சொன்னேன், அவர் அண்ணன் சொன்னார், வெல்டிங் கடைக்காரர் நானே வந்து செய்கிறேன் என்றார். இவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மாட்டியாச்சு என்றார். அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் டிராக்டர் மூக்கில் கொக்கி வைத்து, அதில் கலப்பையைக் கட்டினார். சீட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே பின்னுக்கு ஓட்டி உழுதார். உழவு ஒரு மாதிரி நடந்தது, கழுத்துதான் போய்விட்டது. தைலம் தேய்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமாகவே பார்ப்பார். ஊர் அதற்கு வெனக்கி பண்டி என்று பேர் வைத்தது. தெலுங்கில் வெனக்கி என்றால் பின்னுக்கு, பண்டி என்றால் வண்டி. பிள்ளைகள் அவரைக் கண்டால் பின்னால் நடந்து காட்டினார்கள். ஒரு தோப்புக்காரர் இரக்கப்பட்டுக் கூப்பிட்டார். அங்கே பார்க்காத பக்கம் இருந்த இரண்டு ஒட்டுக்கன்றுகளைச் சாய்த்துவிட்டார். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. என் பூத் சின்னது, ரிசீவரில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும். அவளுடைய இரண்டாவது ஒப்பந்தமும் முடியப்போகிறது. மேலும் இரண்டு வருஷத்துக்கு விசா எழுத மேடம் கேட்கிறாள், அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "இன்னா சொல்லட்டும்? நீ சொல்லு" என்றாள். டிராக்டர் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும், ஊரில் இன்னும் நாலு பேருக்குக் குவைத்தில் ஆள் இருக்கிறதே.

அவர் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். கடைசியில், "உன் இஷ்டம்" என்றார்.

சரி, எழுதச் சொல்லிடறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

என்னால் அடக்க முடியவில்லை. பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், இருந்தால் இருக்கட்டும் என்று கேட்டுவிட்டேன். "அவ இன்னா நீ கட்டுன சுவரா மாமா, வெச்சது வெச்சதுன்னு வுட்டுட்றதுக்கு? நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்தப் பொண்ணு அங்க வயசக் கரைச்சுக்கினு கீறா." அவர் திரும்பாத கழுத்தோடு அப்படியே இறங்கி நடந்து போய்விட்டார். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தத் தெருப் பக்கம் போனபோது, வீட்டுப் பின்புறம் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தான் அடித்த வெல்டிங்கைத் தானே ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரம்பப் பிடியெல்லாம் ஈரம். வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தால் சட்டென்று வெட்டிக் கொடுத்திருப்பார். கூப்பிடத் தோன்றவில்லை போலும். என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"ரொம்ப கெட்டியா வெச்சுட்டேன் மச்சான். வர மாட்டேங்குது" என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் பிடித்தேன். வியாழக்கிழமைக்குள் இன்ஜின் திரும்பி உட்கார்ந்தது. இந்த முறை கற்பூரமும் இல்லை, கூட்டமும் இல்லை. முதல் கியர் போட்டார், முன்னால் போனது. புகை மொத்தமும் அவர் முகத்தில்தான் அடித்தது. இருமிக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டிராக்டர் முன்னால் ஓடுகிற செய்தியைச் சொல்வார், அதை வைத்து அவள் புரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். மணி அடித்தது. எடுத்ததும், "மேடத்தக் குடு" என்றார். அவள் பயந்துபோய் எதற்கு எதற்கு என்றாள். குடு என்றார் மறுபடியும். மேடம் லைனில் வந்து அரபியில் ஏதோ கேட்டாள்.

இவர் நிமிர்ந்து நின்றுகொண்டு தமிழில் ஆரம்பித்தார். கழனிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல்.

"மேடம், நான் அவ வூட்டுக்காரன் பேசறேன். தப்பு எம்மேலதான். அன்னிக்கு அவ போவ மாட்டேன்னு சொன்னா. நான்தான் போன்னு சொன்னேன். சொல்லிட்டேன், திருப்பி எடுக்கத் தெரியல எனக்கு. பாப்பாவுக்குத் தல வாரத் தெரியல. சோறு துன்ன உக்காந்தா எறங்க மாட்டேங்குது. பணம் வேணாம் மேடம். அவ இல்லாம என்னால முடியல. அவள அனுப்பிடுங்க."

மேடம் குறுக்கே குறுக்கே அரபியில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்து இவர் மனைவியின் விசும்பல் கேட்டது. இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, ரிசீவரைத் துண்டால் துடைத்து வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடமே சொல்லியிருக்கலாமே மாமா என்றேன்.

"அவகிட்ட சொல்ல வாய் வரல மச்சான்" என்றார். "அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதான் சொல்ல முடிஞ்சுது."

மாங்காய் இறங்குகிற சமயத்தில் அவள் வந்துவிட்டாள். சென்னையிலிருந்து வந்த பஸ் கூட்டுரோட்டில் நிற்க, கம்பளி மூட்டையும் அட்டைப் பெட்டிகளுமாக இறங்கினாள். அவர் டிராக்டரோடு காத்திருந்து சாமான்களை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் தண்ணீர் குடிக்க என் பூத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ரொம்ப நாளாக மனசில் இருந்ததை நான் கேட்டுவிட்டேன். அன்று அவர் பேசியதையெல்லாம் மேடத்துக்கு அரபியில் எப்படிச் சொன்னாய் என்று.

அவள் செம்பை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல, நான் போயாகணும்னு சொன்னேண்ணா. அவரு பேசுனத எதுக்கு அவங்களுக்குச் சொல்லணும்? அது எனக்குச் சொன்னது."